வரிசை குலையும் இடம்

ஒன்பது ஒன்றுகளாலான 111111111-ஐ அதனாலேயே பெருக்கினால் 12345678987654321 கிடைக்கும். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த டி. ஆர். காப்ரேகர் இத்தகைய எண்களுக்கு 'டெம்லோ எண்கள்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். இதை வெறும் வேடிக்கை என ஒதுக்குவோரும் மாயமென வியந்து நின்றுவிடுவோரும் ஒரே பிழையையே செய்கின்றனர்: காரணம் கேட்பதில்லை. பெருக்கலைத் தாளில் விரித்து எழுதினால், நடு நிரலில் ஒன்பது ஒன்றுகளே சேர்கின்றன. கூட்டல் பத்தைத் தொடாததால் எதுவும் இடப்புறம் நகர்வதில்லை. அழகு அவ்வளவில்தான் நிற்கிறது. அதன் பகாக் காரணிகளான 3, 37, 333667 ஆகியவற்றை (கடைசியதை எவர் எதிர்பார்த்திருப்பார்?) அந்த வரிசை காட்டிக்கொடுப்பதே இல்லை. இன்னுமோர் ஒன்றைச் சேர்த்துப் பெருக்கினால் விடை 1234567900987654321. ஏறுவரிசையின் 8 மறைந்துவிடுகிறது. வகுப்பறைகள் முதல் விடையோடு நிறுத்திக்கொள்கின்றன. மாணவர் தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.