சட்டம் அறிவோம்: பூச்சாடியில் பொப்பி வளர்க்கலாமா?



இம்மாதம் மருதமுனைச் சகோதரி ஒருவரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பிய பூ விதைப் பக்கற்றில் "பொப்பி" என்று எழுதியிருக்கிறதாம். நாற்றுப் போட்டு விற்கலாமா என்று கேட்கிறார். யுத்தத்தில் துணையை இழந்து, வீட்டுத் தோட்டத்தால் நாலு காசு தேடும் பெண்ணுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் மூன்று செடிகளைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. அவை பொப்பி, கொக்கா, கஞ்சா. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இவற்றை விதைப்பதும் வளர்ப்பதும் மட்டுமல்ல, விதை, காய், இலை, பூ ஆகியவற்றை வைத்திருப்பதும் குற்றம். "அழகுக்குத்தான் வளர்த்தேன்" என்பது அனுமதிப்பத்திரம் ஆகாது.

பொப்பியில் பல இனம் உண்டு. சட்டம் அஞ்சுவது அபின் எடுக்கப்படும் இனத்துக்கு. அதன் தாவரப் பெயர் பப்பாவர் சொம்னிபெரம். பூ விதை விற்பவர்கள் இதையே "பியோனி பொப்பி", "பிரெட்சீட் பொப்பி" என்றும் விற்கிறார்கள். பிரித்தானியாவில் இது சாதாரணத் தோட்டப் பூ. அங்கே கடையில் விற்பதால் இங்கே வளர்க்கலாம் என்று ஆகிவிடாது. சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை, தண்டைத் தழுவி நிற்கும் இலையடி, மேலே முடி வைத்தாற்போன்ற உருண்டைக் காய் ஆகியவை இதன் அடையாளம். வயல்களில் பூக்கும் சிவப்புப் பொப்பிக்குத் தண்டில் மயிர் இருக்கும், காய் சிறிது. கலிபோர்னியா பொப்பியின் காய் நீண்டு மெலிந்திருக்கும். ஆனால் விதையாக இருக்கும்போது எங்களால் இனம் பிரிக்க முடியாது. ஆகவே எந்தப் பொப்பி விதையையும் மண்ணில் போடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. குளிர் தேசத்துச் செடியான அது எங்கள் கடற்கரை வெயிலுக்கு நின்று பிடிப்பதும் அரிது.

இன்னொன்றும் உண்டு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து எந்த விதையையும் கொண்டுவர விவசாயத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தபாலில் வரும் பக்கற்றும் இதற்குள் அடங்கும்.

அடுத்தது "கசகசா". நோன்பு காலத்தில் பலூடாவிலும் சர்பத்திலும் நாம் போடும் கறுப்புக் கசகசா, திருநீற்றுப்பச்சையின் விதை. தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று வரும். அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தமிழ்நாட்டிலோ குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசாவையே அப்படிச் சொல்வார்கள். அது பொப்பி விதை, ஊறினாலும் வழுவழுப்பு வராது. சென்னைக்குப் போய் வருபவர்கள் மளிகைச் சாமானோடு அதைக் கட்டிக்கொண்டு வரவேண்டாம்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் சகோதரிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் பொப்பி விதை தடை. டுபாய் விமான நிலையத்தில் ஒருவரின் உடுப்பில் பாணிலிருந்து உதிர்ந்த மூன்று பொப்பி விதைகள் இருந்ததற்காக அவருக்கு நான்கு வருடச் சிறை கிடைத்ததாக 2008இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. யாராவது "இதைக் கொண்டுபோய்க் கொடு" என்று தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சோதனை என்றாலே யுத்த காலத்து நினைவு வந்து எமக்குக் கை கால் நடுங்கும். பயத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெண்ணின் உடலைப் பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும். கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பம் இடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: அந்தப் பக்கற்றை விதைக்கவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். அதை என்ன செய்வது என்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். மல்லிகை, செவ்வரத்தை, ரோசா நாற்றுகளுக்கு எங்கள் ஊரில் என்றும் ஆள் இருக்கிறது. அந்த நாற்றுகளை ஒருவருக்கும் பயப்படாமல் வாசலில் வைத்தே விற்கலாம்.