கண்ணுக்கெட்டாத குழாய்கள்

நடுத்தர வயதுத் தாயொருத்தி, மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்துவதாக முறையிடுகிறாள். மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, "அடைப்பு ஏதுமில்லை" என்கிறார்கள். வீட்டார் மகிழ்கின்றனர். மறுவாரம் அதே வலி திரும்பவும் வருகிறது. "எல்லாம் மனப்பிராந்தி" என்று கூறி அவளை வாயடைத்துவிடுகிறோம். இது நியாயந்தானா?

ஆஞ்சியோகிராம் பொய் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்வதில்லை. 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் டாக்டர் மேசன் சோன்ஸ் கண்ட இம்முறையில், இருதயத்துக்கே இரத்தமூட்டும் தமனிகளில் எக்ஸ்-கதிருக்குப் புலப்படும் திரவத்தைச் செலுத்திப் படமெடுக்கின்றனர். ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்களே அதில் தெளிவாகத் தெரியும். அவற்றினின்று பிரியும் நுண்கிளைகளும், மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கினும் குறுகிய தந்துகிகளும் தெரியா. வாய்க்கால் நிறைய நீர் ஓடினாலும், வயலுக்குள் பாயும் மடை அடைபட்டால் பயிர் வாடாதோ?

காணாததை இல்லையெனக் கூறலாகாது என்பதற்கு வரலாறே சான்று. இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகிறதென்று 1628-இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். ஆயினும் தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் கண்டதில்லை. அவர் மறைந்தபின் 1661-இல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கியால் கண்டார்.

இன்று அக்காட்சி மேலும் விரிந்துள்ளது. பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில், 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, மிக வலிய எக்ஸ்-கதிர்களைப் பெறுகின்றனர். இறந்தபின் தம் உடலை அறிவியலுக்கு அளித்த இருவரின் இருதயங்களை, வெட்டாமலே, முப்பரிமாணத்தில் இங்குப் படமெடுத்து 2024-இல் வெளியிட்டனர். முழு இருதயமும் மில்லிமீட்டரில் ஐம்பதிலொரு பங்கு நுட்பத்துடன் பதிவாயிற்று. தேர்ந்த பகுதிகள் அதனினும் நுட்பமாகப் பதிவாயின.

தட்டையான படத்தில் ஒன்றையொன்று மறைக்கும் கிளைகள், முப்பரிமாணப் படத்தில் தனித்தனியே நிற்கின்றன. ஆகவே அவற்றின் விட்டத்தையும் நீளத்தையும் அளக்க இயலும். அளவில் என்ன இருக்கிறதென்று எண்ணவேண்டாம். ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் அதனூடே செல்லும் ஓட்டம் பதினாறிலொரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல் விதி.

அத்துணை வலிய கதிர்களை உயிருள்ளோர்மீது செலுத்த இயலாது. அவர்களுக்கு வேறு வழியுண்டு. இருதயத் தமனிக்குள் மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, இளைப்பாறும்போதுள்ள இரத்த ஓட்டத்தையும், மருந்தினால் பெருகும் ஓட்டத்தையும் அளக்கின்றனர். ஓட்டம் இரண்டு மடங்குகூட ஆகாவிடில், பெருங்குழாய்கள் சீராக இருப்பினும், நுண்குழாய்களில் கோளாறு உண்டென ஐயுறுகின்றனர். இந்நோய் பெண்களிடமே மிகுதி. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகைப்பழக்கமும் இதற்குத் துணைபோகின்றன.

எனவே, படம் தெளிவாயிருந்தும் வலி நீடிக்குமாயின், அத்தாயை மீண்டும் இருதய மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். "நுண்குழாய்களில் கோளாறு இருக்குமோ?" என்று அவளுக்காக நாமே கேட்போம். படத்தில் காணாத வலியை, அவள் சொல்லால் நம்புவோம்.