மின்சாரமும் அளவறிதலும்

கூடலூரிலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் லோயர் கேம்ப். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. பின்னர் அந்நீர் பெரிய இரும்புக் குழாய்களினூடே ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இவ்வூருக்கு விரைந்து இறங்குகிறது. இங்குள்ள பெரியாறு மின்நிலையம் 1958ஆம் ஆண்டு முதல் அந்நீரைக்கொண்டு மின்சாரம் ஆக்கி வருகிறது. மின்நிலையத்தை விட்டு வெளிவரும் நீரோ கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களை வளப்படுத்துகிறது.

ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரத்தை ஒரு யூனிட் என்பர். அந்த ஒரு யூனிட்டை ஆக்குவதற்கு லோயர் கேம்பில் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் நீர் மலையிலிருந்து இறங்க வேண்டும். மழை பொய்த்து அணையில் நீர் குறைந்தால் உற்பத்தியும் குறையும். அக்குறையை மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களிலுள்ள அனல்மின் நிலையங்கள் ஈடுசெய்கின்றன. அங்கு ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கரி எரிகிறது. எனவே, ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறி வீட்டுப் பணத்தை மட்டுமன்றி நாட்டின் செல்வத்தையும் வீணாக்குகிறது.

அரிசியைப் படியாலும் பாலை உழக்காலும் அளந்து செலவிட்டவர் தமிழ் மக்கள். ஆனால் மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு திங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் முறையே தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. கட்டணம் கண்டு திகைக்கும் இல்லத்தார்க்கு, எந்த நாளில், எந்தக் கருவியால் செலவு மிகுந்தது என்பது விளங்குவதில்லை. செலவான பின்னர் வரும் கணக்கு வருத்தத்தைத் தருமேயன்றி வழியைக் காட்டாது.

இக்குறையை நீக்க வந்ததே ஸ்மார்ட் மீட்டர். அது மின்செலவைச் சிறு சிறு கால அளவுகளாகப் பிரித்துக் குறித்து, அக்கணக்கை அலுவலகத்துக்குத் தானே அனுப்புகிறது. வீட்டாரும் அதனைக் கைப்பேசியில் காண வழி செய்யலாம். இத்தகைய மீட்டர்களை நாடெங்கும் பொருத்தும் திட்டத்தை 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கியது.

அளவறிவதால் விளையும் பயன் சிறிதன்று. 60 வாட் இழை விளக்கு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால், 60 நாட்களில் 18 யூனிட் செலவாகும். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 3 யூனிட்கூட வேண்டியதில்லை. பயன்படாத வேளையிலும் 5 வாட் உண்ணும் கருவியொன்று, இரு திங்களில் 7 யூனிட்டை விழுங்கிவிடும். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்றி விரயத்துக்கும் பொருந்தும்.

புதிய மீட்டரால் கட்டணம் ஏறிவிடுமோ என்று ஏழை எளியோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் முறையன்று. அளவு அலுவலகத்துக்கு மட்டும் தெரிந்தால் மீட்டர் வசூலுக்குரிய கருவியாகவே நின்றுவிடும். வீட்டாருக்கும் தெரிந்தால்தான் அது சிக்கனத்தின் துணையாகும். ஆதலின் கணக்கு எளிய தமிழில் கிடைத்தல் வேண்டும். கைப்பேசி இல்லாதவரும் அதனை அறிய வகை செய்தல் வேண்டும்.

புதிய மீட்டர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. சுவரிலுள்ள பழைய மீட்டரின் எண்ணை நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏட்டில் குறித்து, முந்தைய நாளின் எண்ணைக் கழித்தால் அன்றைய செலவு தெரிந்துவிடும். இதனைப் பள்ளிச் சிறுவரும் செய்யலாம். எத்துணைச் சிறந்த மீட்டரும் செலவை எண்ணிக் காட்டுமேயன்றி விளக்கை அணைக்காது. அணைக்க வேண்டிய கை மனிதனுடையதே.