புகைத்தவர் எங்கோ, வாடுவது நம் ஏரி!

ஐப்பசி பிறந்துவிட்டால், ஏனாத்தூரிலே உழுவோன் கண்ணும் நெய்வோன் கண்ணும் வானத்தை நோக்கியே இருக்கும். மழை பொய்த்தால் உழவனுக்கு வயல் இல்லை. கொட்டித் தீர்த்தாலோ நெசவாளியின் தறிக்குழியிலே தண்ணீர்! 'என்ன வந்தது இந்த மழைக்கு?' என்று கேட்கின்றனர் இருவரும். அவர்களோடு சேர்ந்து கேட்கிறது இன்னொரு கூட்டம், சிறகு படைத்த கூட்டம்: வேடந்தாங்கல் பறவைகள்!

ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகளுள் ஒன்று வேடந்தாங்கல். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்தால், நீருக்குள் நிற்கும் மரங்களிலே நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூடு கட்டும். சுற்றிலும் நீரே அரண். மீனும் நத்தையும் குஞ்சுகளுக்கு உணவு. எச்சம் கலந்த நீர் வயலுக்கு எரு! இதை அறிந்துதான், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்கக் கோரி, கலெக்டர் லயனல் பிளேசிடம் உறுதிச்சீட்டுப் பெற்றனர் அவ்வூர் உழவர். பட்டம் பெற்றவர்களா அவர்கள்? பட்டறிவு பெற்றவர்கள்!

மழை, மரம், மீன், பறவை, வயல் என்று நீளும் அந்தச் சங்கிலியின் முதற்கண்ணியே இன்று ஆட்டம் காண்கிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்திலே ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை! மறு ஆண்டே, தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு! ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் புவி வெப்பமே காரணம் என்று விஞ்ஞானிகள் கூறவில்லை. ஆனால், காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டும் நாட்கள் பெருகும் என்கின்றனர். நின்று பெய்யும் மழை ஏரியை நிரப்பும். வெறிகொண்டு பெய்யும் மழை கரையை உடைத்துக் கடலுக்கு ஓடும். நீர் வற்றினால் மரத்தடியில் அரண் ஏது? குஞ்சுக்கு மீன் ஏது?

நூறாண்டுக்கு மேலாக நிலக்கரியை எரித்துச் செல்வம் குவித்தவை மேலைநாடுகள். அவர்கள் புகைத்தனர், நாம் இருமுகிறோம்! இந்தக் கணக்கை உலக மன்றத்திலே கேட்டே தீரவேண்டும்.

கேட்போம்; ஆனால், அதுவரை வானத்தின்மீது பழி போட்டு வாளாவிருப்பதா? ஒரு நாள் வெள்ளத்தைப் பல மாத வாழ்வாக மாற்றத்தானே ஏரி வெட்டினர் முன்னோர்? அந்த ஏரியைத் தூர விட்டது யார்? வரத்துக்கால்வாயை வளைத்துப் போட்டது யார்? 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்க முனைந்ததும் வானமா? எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடமும் கிடைத்தது. பட்டியலிலே பெயர் இருந்தால் போதுமா? ஏரியிலே நீர் வேண்டாமா?

வானத்தைத் திருத்த உலகமே கூடவேண்டும். வாய்க்காலைத் திருத்த ஊர் கூடினால் போதும், அரசு உடன் நின்றால் போதும். ஐப்பசிக்கு முன் அது நடக்கட்டும்!