சேறும் மாமாவின் ஜீப்பும்

டிஸ்கி: வண்டிப் பைத்தியங்களுக்காக எழுதியது போலத் தெரியும். வண்டி இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். எனக்கும் சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள்தான்.

போன வாரம் எங்கள் கிளாஸ் நண்பன் ஒருவன், அவன் அப்பாவின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை எடுத்துக்கொண்டு தெரிந்தவர் எஸ்டேட் பாதையில் ஆஃப்ரோடு போய்விட்டு வந்தான். மொத்தம் நாலு பேர். (என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கடுப்பு இதில் எங்காவது எட்டிப் பார்த்தால் கண்டுகொள்ளாதீர்கள்.) திங்கட்கிழமை காலேஜ் பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது. கதவுக் கைப்பிடி வரைக்கும் செம்மண் சேறு. முன் கண்ணாடியில் வைப்பர் போய் வந்த அரை வட்டம் மட்டும்தான் சுத்தம். சுற்றிலும் கூட்டம், போட்டோ, செல்ஃபி.

"எப்படா கழுவப் போற?" என்று கேட்டேன்.

"கழுவுறதா? இதுக்குத்தானடா அவ்ளோ தூரம் போனோம். ஒரு மாசம் இப்படியேதான் ஓட்டுவேன்."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், என் மாமா போடியில் ஜீப் ஓட்டுகிறார். போடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். மெயின் ரோடு தார் ரோடுதான். தோட்டத்துப் பாதைக்குத் திரும்பிவிட்டால் மண், பாறை, ஓடை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. வருஷத்தில் பாதி நாள் மாமாவுக்கு ஆஃப்ரோடுதான். ஆனால் அந்த வார்த்தையே அவருக்குத் தெரியாது. "இன்னைக்குப் பாதை கெட்டுக் கெடக்கு" என்பார், அவ்வளவுதான்.

பிளஸ் டூ லீவில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, நல்ல பையன் என்று பேர் வாங்கலாமே என்று ஒருநாள் அவர் ஜீப்பைக் கழுவினேன். பானெட், கதவு, பம்பர் எல்லாம் பளபள. மாமா வந்தார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பின் மட்கார்டுக்குள் கையை விட்டு ஒரு கை சேற்றை எடுத்து என் முன்னால் நீட்டினார். வெளியே காய்ந்து, உள்ளே ஈரமாக இருந்தது.

"வெளிய இருக்கறத மழையே கழுவிட்டுப் போயிரும் மாப்ள. இத யாரு கழுவுவா?"

என் கட்சி மொத்தமும் இந்தக் கேள்விதான். வண்டியின் வெளியே தெரிகிற சேறு பெரிய ஆபத்து இல்லை. அது அசிங்கம், அல்லது அழகு, உங்கள் ரசனையைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிற சேறுதான் ஆளைக் கவிழ்க்கும். நாம் முதல் சேற்றுக்கு போட்டோ எடுக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

ஆளைக் கவிழ்க்கும் என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது, மாமா அன்றைக்குத்தான் சொன்னார். ஒரு கார்த்திகை மாதம், சாயங்கால இறக்கம். வண்டி நிறையத் தோட்டத்து ஆட்கள். அப்போது அத்தையும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், அவரும் உள்ளே இருந்திருக்கிறார். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கமாக இழுத்திருக்கிறது. இடது பக்கம் முட்டளவு தடுப்புச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்து, கியரைக் குறைத்து, எப்படியோ மலைப்பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால் உள்ளே அரைத்த மாவு மாதிரி சேறு. இதில் கவனிக்க வேண்டியது, வண்டி இழுத்தது இடது பக்கம், சேறு இருந்தது வலது பக்க டிரம்மில். வலது பக்கம் பிடிக்கவில்லை, இடது பக்கம் மட்டும் பிடித்தது, அதனால் வண்டி அந்தப் பக்கம் திரும்பியது. பழைய வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம்தான். இப்போது வருகிற பல ஃபோர் வீல் வண்டிகளிலும் பின்னால் டிரம்தான் இருக்கிறது. அதற்குள் போன சேறு தானாக வெளியே வராது. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் உப்புக் காகிதம் போல லைனரைத் தின்றுகொண்டே இருக்கும்.

மற்ற இடங்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் ரிம்முக்கு உள்பக்கம் ஒரு கட்டி காய்ந்து ஒட்டினால் பேலன்ஸ் போய்விடும், வேகம் எடுத்தால் ஸ்டியரிங் நடுங்கும். நம் ஆட்கள் உடனே அலைன்மென்ட் கடைக்கு ஓடுவார்கள். ரேடியேட்டரின் சன்னமான தகடுகளுக்கு நடுவே சேறு அடைத்தால் காற்று போகாது, அடுத்த ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். சைலன்சர் குழாய்க்கு மேலே சிக்கிய காய்ந்த புல் தீப்பிடிக்கக்கூடச் செய்யலாம்.

ஆக்சில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி இது. ஆக்சில் ஹவுசிங்கின் மேலே மூச்சுவிட ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில், ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்து மறந்தோமே, அந்த வாயு விதிதான். சுருங்கினால் வெளியே இருந்து எதையாவது இழுக்க வேண்டும். மூச்சு ஓட்டை சுத்தமாக இருந்தால் காற்றை இழுக்கும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிறகு ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு வந்துவிடும், பல்சக்கரமும் பேரிங்கும் அந்தக் காபியில்தான் சுற்றும். போன ஞாயிற்றுக்கிழமைச் சேறு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடையில் வேலையைக் காட்டும்.

துருவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது போலிருக்கிறது. மழையில் நனைந்த இரும்பு வெயில் வந்தால் காய்ந்துவிடும். சேறு அப்பிய இரும்பு அவ்வளவு சீக்கிரம் காயாது. மேல்தோல் காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரம் நிற்கும். சேஸின் பெட்டிக் குழாய்களில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள், அவையும் அடைபட்டால் குழாய்க்குள்ளேயே குளம்தான். வெளியே பெயின்ட் புதுசாக இருக்கும், உள்ளே இரும்பு அப்பளம் ஆகிக்கொண்டிருக்கும்.

"ஆஃப்ரோடு வண்டின்னா இதையெல்லாம் தாங்கத்தானே செஞ்சிருக்காங்க?" என்று நண்பன் கேட்பான், தெரியும். ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த வண்டி அது. அதற்காக அந்த ராணுவம் 1944ல் வெளியிட்ட கையேட்டின் எண் டி.எம். 9-803. ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கிறது. ஓட்டுவதற்கு முன், ஓட்டும்போது, நிறுத்தும்போது, ஓட்டி முடித்த பிறகு என்று டிரைவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். போர்முனையில் இருந்தவனுக்கே அந்த வேலையில் விலக்கு இல்லை. நமக்கு இருப்பது அதிகபட்சம் திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட்.

சரி, வாட்டர் சர்வீஸ் விட்டால் போதாதா? போதும், பக்கத்திலேயே நீங்கள் நின்றால். நான் பார்த்த ஒரு கடையில் பையன் அந்த கன்னை ரேடியேட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தான். தகடெல்லாம் மடங்கிப்போயிற்று. அதே வேகத்தில் பேரிங் சீலிலும் வயர் கனெக்டரிலும் அடித்தால், சேற்றை வெளியே எடுப்பதற்குப் பதில் தண்ணீரோடு சேர்த்து உள்ளே தள்ளியதாகத்தான் ஆகும். கடைசியில் பாசமாக அடியில் டீசலோ பழைய ஆயிலோ பீய்ச்சி அடிப்பார்கள். கருகருவென்று புதுசு மாதிரி இருக்கும். ஆனால் ரப்பர் புஷ்களுக்கு அது ஆகாது, ஊறி உப்பிவிடும். பிரேக்கில் பட்டால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டிய எண்ணெயில் அடுத்த தூசி இன்னும் அழகாக ஒட்டும்.

மாமாவின் முறை வேறு. வந்ததும் தண்ணீர் ஊற்ற மாட்டார். டிரம்மும் சைலன்சரும் சூடாக இருக்கும், ஆறட்டும் என்று காபி குடிப்பார். பிறகு பழைய சாக்குகளை நனைத்து, சேறு கெட்டியாக இருக்கும் இடங்களில் போர்த்திவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுவார். ஊறிய சேறு மூங்கில் குச்சியால் தள்ளினாலே கட்டியாக விழும். (ஸ்க்ரூ டிரைவரால் குத்தக் கூடாது, பெயின்ட் போனால் அங்கேயே துரு ஆரம்பிக்கும்.) எட்டாத இடத்துக்கு, கம்பில் கட்டிய ஈர்க்குமாறு. கடைசியில்தான் தண்ணீர், அதுவும் மேலிருந்து கீழே. காய்ந்த சேற்றைத் துணியால் தேய்க்கவே விடமாட்டார். சேற்றில் இருக்கிற மணல் கண்ணாடியையே கீறும், பெயின்ட் எம்மாத்திரம்? முடித்ததும் கிரீஸ் கன்னால் ஜாயின்ட்டுகளுக்கு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிப்பார். பிறகு தெருவில் மெதுவாக ஓட்டி, லேசாக நாலைந்து தடவை பிரேக் மிதித்து டிரம்மைக் காயவைப்பார். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மிலேயே ஒட்டிக்கொள்ளுமாம்.

இதில் தண்ணீரும் மிச்சம். எங்கள் வீட்டு ஹோஸில் 15 லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிஷம் ஆகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் ஹோஸைப் பிடித்தால் 450 லிட்டர். மாமா ஏழெட்டு வாளியில் முடித்துவிடுகிறார். ஆற்றில் வண்டியை இறக்கிக் கழுவுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டி அடியில் இருப்பது சேறு மட்டும் இல்லை, கிரீஸும் ஆயிலும்தான். கீழே ஒருவர் அதே தண்ணீரில் குளித்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. இது மாமா சொன்னதில்லை, நானே படித்தது. சேறு என்றால் வெறும் மண் இல்லை, அதில் விதைகள் இருக்கின்றன. ரோட்டோரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்குமே பார்த்தீனியம், அமெரிக்கக் கண்டத்துச் செடி. தோலில் பட்டால் அரிப்பு, சிலருக்கு மூச்சுத் திணறல். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அது பரவும் வழிகளில் வண்டிச் சக்கரத்துச் சேறும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இந்த மாதிரிக் களை விதைகளைக் கழுவிவிடுவதற்கென்றே வண்டி கழுவும் இடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். அதே நாட்டின் தென்மேற்கு மூலையில், ஃபைட்டாப்தோரா சினமோமி என்ற நுண்ணுயிர் மண்ணோடு பயணம் செய்து ஜாரா மரங்களையும் பேங்க்சியா மரங்களையும் வேரிலிருந்து கொல்கிறது. அங்கே சில காட்டுப் பகுதிகளுக்குள் அனுமதி வாங்கி, சேறில்லாத வண்டியோடுதான் போக முடியும். கவனித்தீர்களா, அவர்கள் உள்ளே போவதற்கு முன்னாலேயே கழுவச் சொல்கிறார்கள். நம் ஊரில் நாம் மலையிலிருந்து வந்த பிறகு கழுவுவதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அடிவாரத்து பார்த்தீனியத்தை சோலைக் காட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே நண்பா, ஒரு சமாதானத் திட்டம். பானெட்டில் இருக்கிற சேறு உன் இஷ்டம், ஒரு மாசம் என்ன, தீபாவளி வரைக்கும் வைத்துக்கொள். நம்பர் பிளேட்டையும் பின் விளக்குகளையும் இன்றைக்கே துடைத்துவிடு. தார் ரோட்டில் நீ கட்டி கட்டியாக உதிர்த்துக்கொண்டு போகும் சேற்றில் வழுக்கப்போவது பின்னால் வருகிற பைக்காரன், அதை மட்டும் யோசி. அடிப்பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவலாம். சாக்கும் குச்சியும் நான் கொண்டுவருகிறேன், டிரம்மைக் கழற்ற மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பரோட்டா உன் செலவு.

அடுத்த தடவை போகும்போது என்னையும் கூப்பிடு :-)