ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத மார்பு வீக்கம்

'குழந்தைக்குப் பால் நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று வாரமாக ஒரு பக்க மார்பு சிவந்து, சூடாக, கனமாக இருக்கிறது. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. 10 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. இன்னொரு கோர்ஸ் சாப்பிடலாமா?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

வேண்டாம். முதலில் பரிசோதனை.

பால் கொடுக்கும் காலத்தில் மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால், பெரும்பாலும் பால் கட்டிக்கொண்டதால் வரும் அழற்சிதான். உங்களுக்குப் பால் நின்று வெகு நாளாகிவிட்டதே! (மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பால் வற்றுவதற்காகச் செய்வது, இதற்கு உதவாது.)

மார்பகப் புற்றுநோயில் 'இன்ஃப்ளமேட்டரி' என்றொரு வகை உண்டு. அரிதானது, மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 சதவிகிதம்தான். புற்றுசெல்கள் தோலில் உள்ள நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடும். வடிய வேண்டிய நீர் தேங்கி, மார்பு வீங்கிச் சிவந்து, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழிகுழியாகும். பார்த்தால் அச்சு அசல் கிருமித்தொற்றுதான். கட்டி தட்டுப்படாமலே இருக்கலாம். மேமோகிராமிலும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதனால் 'கட்டி இல்லையே' என்று நிம்மதி அடைய முடியாது. வாரக்கணக்கில் பரவக்கூடியது என்பதால் காத்திருக்கவும் கூடாது.

மார்பக சிகிச்சை பார்க்கும் அறுவை மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன், மேமோகிராமோடு ஊசி வழியே சதைத் துணுக்கும், தேவைப்பட்டால் தோலில் சிறு துணுக்கும் எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், பயம் வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், மருந்துக்குச் சிவப்பு மறையாவிட்டால் இதே வழிதான்.

பயாப்சியில் நல்ல சேதியும் வரலாம். மார்பகக் காசநோயும், 'கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்' என்ற அழற்சியும் நம் ஊரில் வருவதுண்டு. அவை ஸ்கேனில் புற்றுநோய் போலவே தெரிந்து வீட்டையே கலங்கடித்துவிடும். இரண்டுமே குணப்படுத்தக்கூடியவை. ஆக, படத்தை மட்டும் பார்த்து எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், 'உடனே ஆபரேஷன் செய்துவிடுங்கள்' என்று வீட்டார் அவசரப்படுத்த வேண்டாம். இந்த வகைக்கு முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு என்பதுதான் வரிசை.

போகும்போது, சிவப்பு தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட மருந்துகளின் சீட்டையும் எடுத்துப்போங்கள். ஆரம்பத்தில் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்; எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கிறது என்பது மருத்துவருக்கு அதில் தெரிந்துவிடும்.