கலஹா வீதி: சுற்றுலா திரும்பாத திருப்பம்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குச் சிறு வண்டிகளில் எட்டுப் பத்துப் பேராகத் தரைவழியே வரும் சுற்றுலாக் குழுக்களின் தடம் பெரும்பாலும் ஒன்றுதான். அனுராதபுரம், சீகிரியா, தம்புள்ளை என்று கலாசார முக்கோணத்தை, அதாவது யுனெஸ்கோவின் துணையுடன் 1980இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்துக்குள் வந்த பழந்தலைநகரங்களின் வட்டாரத்தைப் பார்த்து முடித்து, கண்டியில் தலதா மாளிகையை வணங்கி, பேராதனைப் பூங்காவில் அரைநாள் கழித்து, மறுநாள் காலையில் நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள்ளாகவே செல்லும் கலஹா வீதி, ஹிந்தகல, நில்லம்பை ஊடாகக் கலஹா என்ற சிறு நகரத்துக்கும் அங்கிருந்து தெல்தோட்டைக்கும் ஏறிச் செல்கிறது. அந்தத் திருப்பத்தில் திரும்பும் சுற்றுலா வண்டிகள் மிகக் குறைவு. மலைநாட்டின் வரலாற்றில் மன்னர்களின் பகுதியும் தொழிலாளர்களின் பகுதியும் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்துக் கிடக்கும் வழி வேறொன்றைக் காட்டுவது எளிதன்று என்பதால், இந்தப் புறக்கணிப்பு வருத்தத்துக்குரியது.

இவ்வழியைப் புரிந்துகொள்ள விரும்பும் குழு பேராதனைக்கு மேற்கே சற்று விலகி, லங்காதிலகத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். கம்பளை அரசின் காலத்தில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், சேனாலங்காதிகார என்ற அமைச்சரின் முயற்சியால் 1344இல் எழுந்த இந்த விகாரை, ஒரு பெரும் பாறையின் முதுகில் செங்கல்லால் கட்டப்பட்டது. முன்புறம் புத்தரின் சிலைமனையாகவும், அதனைச் சுற்றிய சுவர்களுக்குள் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் முதலிய தெய்வங்களுக்குரிய தேவாலயமாகவும் ஒரே கட்டடம் இரு வழிபாடுகளைத் தாங்கி நிற்கிறது. கட்டடத்துக்கு அருகே வெறும் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கும் சாசனம் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் உள்ளது. விகாரைக்கு விடப்பட்ட நிலங்களையும் கொடைகளையும் அது பதிவு செய்கிறது. அதே ஆண்டில் எழுந்த அண்டையிலுள்ள கடலாதெனிய விகாரையோ, தென்னிந்தியக் கோயில் அமைப்பில் கல்லால் ஆனது. அதன் தலைமைச் சிற்பியாகக் கணேஸ்வராசாரி என்பவரின் பெயர் சாசனத்தில் வருகிறது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தமிழின் வரலாறு தோட்டத்தோடு தொடங்கியது என்ற பரவலான எண்ணத்தை இவ்விரு விகாரைகளும் மறுக்கின்றன. பயணிகளில் பலர் அருகிலுள்ள எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களை மட்டும் படம்பிடித்துக்கொண்டு லங்காதிலகச் சாசனத்தைக் கடந்து போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து மீண்டு கலஹா வீதியில் ஏறினால் நில்லம்பை வருகிறது. இன்று அவ்வூரின் பெயரை அறிந்தவர்கள் அங்குள்ள தியான நிலையத்தைக் கொண்டே அறிவர். ஆனால் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் கண்டி நகரை விட்டு விலகித் தங்கியிருந்த அரண்மனை இங்கேதான் இருந்தது. 1664 டிசம்பரில் எழுந்த கிளர்ச்சியின்போது அவன் இங்கிருந்து மலைகளுக்குள் தப்பிச் சென்று, பின்னர் ஹங்குராங்கெத்தவில் நிலைகொண்டான். இதனை விரிவாக எழுதிவைத்தவர், 1660 முதல் 1679 வரை கண்டியரசில் சிறைப்பட்டிருந்து, அனுராதபுரம் வழியாக அரிப்புக்குத் தப்பி, 1681இல் தம் நூலை வெளியிட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் ஆவார். அரண்மனையைத் தேடிச் செல்பவருக்குக் கண்ணில் படுவது அதிகமில்லை. ஓர் அரசன் ஏன் இம்மலைகளை நம்பினான் என்பதை வீதியின் வளைவுகளே சொல்லிவிடும்.

கலஹாவில் கடைத்தெரு ஒன்று, பஸ் நிலையம், சுற்றிலும் தேயிலை மலைகள். ஊருக்கு அப்பால், தெல்தோட்டையையும் கடந்து, லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல், பதினேழு வயது நிரம்பும் முன்பே, கோப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1869இல், கோப்பி இலையில் துருப்போலப் படரும் பூஞ்சை நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் சரிந்தபோது, லூல்கந்துரவின் சோதனை முழு நாட்டுக்கும் மாற்றுப் பயிரைக் காட்டியது. தொடக்கத்தில் கொழுந்து அரைக்க இயந்திரமில்லை. பங்களாவின் வராந்தாவில் மேசைகள் போட்டு, கைகளால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பில் உலர்த்தினார்கள். உருட்டியவை தமிழ்த் தொழிலாளரின் கைகள். டெய்லரைச் ‘சாமி துரை’ என்று அழைத்த அவர்களே, 1892இல் அவர் இறந்தபோது உடலைத் தோளில் மாறி மாறிச் சுமந்து கண்டியின் மஹியாவ இடுகாடுவரை நடந்தார்கள். அவருடைய கல்லறையும், அவர் அமர்ந்திருந்ததாகக் காட்டப்படும் கல்லிருக்கையும், குடிலின் எச்சமும் பேணப்படுகின்றன. சுமந்தவர்களின் பெயர்களைப் பேணுவதற்கு யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. லூல்கந்துரவுக்கு வரும் குழு கல்லிருக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புமானால், அது வரலாற்றின் பாதியை மட்டுமே பார்த்ததாகும்.

மறுபாதியைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயா தோட்டத்தில் 16 சதம் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய அப்போராட்டமும், அதன்பின் நடந்த விசாரணையில் அக்கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் தரப்பில் எழுப்பிய வாதங்களும் அன்றைய ஆட்சியையே உலுக்கின. மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் எவரும் கோவிந்தனைத் தவிர்ப்பதில்லை. சுற்றுலாக் கையேடுகளோ அவரை அறியா.

இத்தோட்டங்களுக்கு மக்கள் வந்து சேர்ந்ததே ஒரு தரைவழிப் பயணம்தான். 1820களில் கம்பளையருகே சிங்ஹாபிட்டியவில் கோப்பிப் பயிர் வேரூன்றிய பிறகு, தமிழகத்திலிருந்து கங்காணிகள், அதாவது ஆள் திரட்டிக் கூட்டிவந்து வேலையும் வாங்கிய தலைவர்கள், மன்னார்க் கரையில் இறக்கிய கூட்டங்கள் காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக ஏறின; காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபவனி, ஏறத்தாழ 250 கிலோமீற்றரைக் கடந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. இடைவழி ஊர்களில் சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் நடந்தவர்களை வரவேற்று உணவளித்தனர். பாரம்பரியப் பயணம் என்பதற்கு அண்மைக் காலத்தில் இந்நாடு தந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அது. அதே பயணம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, கண்டிச் சீமைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்கு ரயிலேறின.

தலைமன்னாரிலிருந்து வரும் நடைபவனிப் பாதையை மாத்தளையோடு நிறுத்தாமல், கண்டி, லங்காதிலகம், கலஹா, லூல்கந்துர, முல்லோயா, இறுதியில் பழைய ஏட்டுச்சுவடிகளைக் காக்கும் ஹங்குராங்கெத்தப் பொத்குல் விகாரை என்று நீட்டி ஒரு சிறுகுழுப் பயணமாக அமைப்பது கடினமன்று. ஆனால் குழு சிறிதாகவே இருக்க வேண்டும். வீதி குறுகலானது என்பது ஒரு காரணம். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள், மக்கள் வாழும் வீடுகள் என்பது அதைவிடப் பெரிய காரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அந்நாளில் வகுத்த காம்பராக்கள், அதாவது லயத்து அறைகள், வரிசையாக ஒட்டி நிற்க, ஒவ்வொன்றின் முன்னும் இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணை உண்டு. அடுப்பும் படிப்பும் விருந்தும் அங்கேயே நடக்கும் இடமாதலால், நாற்பது பேர் கமராவோடு வந்து இறங்கினால் அது அத்துமீறலாகிவிடும். அழைப்பின் பேரில் நாலைந்து பேர் அந்த இஸ்தோப்பில் அமர்ந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டே, பிரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், விடியற்காலையில் பெயர் பதிவதில் தொடங்கி மாலையில் கொழுந்து நிறுப்பதுவரை ஒரு நாள் எப்படிப் போகிறதென்று கேட்பது வேறு. வழிகாட்டியும் கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை. தெல்தோட்டை, கலஹாப் பாடசாலைகளில் படித்து, வரலாறு கற்று, வேலைக்காக நகரத்துக்குப் போக நேரும் தோட்டத்து இளைஞர்களுக்கு உரிய பயிற்சியும் உரிமமும் கொடுத்தால், முல்லோயாவின் கதையைத் தம் பாட்டன் வாயிலாகக் கேட்டவரே அதைச் சொல்வார். பயணக் கட்டணத்தில் ஒரு பங்கும், இரவுத் தங்கலின் வருமானமும், மதியச் சாப்பாட்டின் விலையும் நுவரெலியா ஹோட்டல்களுக்குப் போகாமல் கலஹாக் கடைத்தெருவிலேயே தங்கும்.